நான்கு மாதமாக முதுகைத்தான் எடுக்கிறேன்: மாற்ற வேண்டியது லென்ஸையா, என்னையா?

#1 புதுலென்ஸ்காரன்

வணக்கம் நண்பர்களே. நான்கு மாதமாக வாரத்துக்கு ஒரு நாள் கழிமுகச் சேற்றுப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். நாரை, கொக்கு, உள்ளான், உப்புக்கொத்தி, மூக்கன் என்று பறவைக்குப் பஞ்சமே இல்லை. படத்துக்குத்தான் பஞ்சம். வீட்டுக்கு வந்து கார்டைத் திறந்தால் அத்தனையும் முதுகு. நிற்கிற முதுகு, நடக்கிற முதுகு, பறந்து போகிற முதுகு. பவளக்காலி ஒன்று இருக்கிறது. நான் சேற்றில் காலை வைக்கிறேனோ இல்லையோ, கூப்பாடு போட்டு மொத்தக் கூட்டத்தையும் கிளப்பிக்கொண்டு போய்விடும்.

என்னிடம் இருப்பது 100-400 மி.மீ. லென்ஸ், க்ராப் சென்சார் (முழு ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) கேமரா. "600 மி.மீ. வாங்கு, பிரச்சினை தீர்ந்தது" என்கிறார் நண்பர். கடன் வாங்கினால்தான் முடியும். அதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

கூடவே இரண்டு சந்தேகம். வெள்ளைக் கொக்கை எடுத்தால் சில சமயம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, இறகே தெரியாமல் வருகிறது. சில சமயம் துவைக்காத துணி மாதிரி சாம்பல் பூத்து வருகிறது. இரண்டும் ஒரே காலையில்! அப்புறம் கொசு உள்ளான். ஒரு படம்கூடத் துல்லியமாக இல்லை.

#2 மடையான்71

முதுகும் பறவைதானே. வாழ்த்துகள்.

#3 ஓதக்கணக்கு

நாலு கேள்வி. எத்தனை மணிக்குப் போகிறீர்கள்? அப்போது கடல் ஏற்றமா, வற்றமா? காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது? பறவையைப் பார்த்ததும் என்ன செய்கிறீர்கள்?

#4 புதுலென்ஸ்காரன்

ஒன்பது, ஒன்பதரைக்குப் போவேன். ஏற்றமா வற்றமா என்று பார்த்ததில்லை. தண்ணீர் சில நாள் கிட்டே இருக்கும், சில நாள் எங்கோ இருக்கும். காற்று கடல் பக்கமிருந்து முகத்தில் அடிக்கும், தொப்பி நிற்காது. பறவையைப் பார்த்ததும் சத்தமில்லாமல் குனிந்து, மெதுவாக அதை நோக்கி நடப்பேன்.

#5 ஓதக்கணக்கு

தம்பி, விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

முதலில் காற்று. கரைப்பறவை காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் நிற்கும். பின்னாலிருந்து அடித்தால் இறகு கலைந்துபோகும். ஆபத்து என்றால் எழும்புவதற்கும் எதிர்காற்றுதான் வசதி. வெயில் ஏறித் தரை சூடானதும் கடலிலிருந்து கரைக்குக் காற்று வீசத் தொடங்கும். ஒன்பது மணிக்கு உங்கள் தொப்பியைப் பறக்கவிட்டது அதுதான். நீங்கள் கரையில் நிற்கிறீர்கள். பறவை உங்களுக்கும் கடலுக்கும் நடுவில், கடலைப் பார்த்து நிற்கிறது. உங்களுக்கு வேறு என்ன தெரியும்? 600 வாங்கினால் அதே முதுகு ஒன்றரை மடங்கு பெரிதாகத் தெரியும், அவ்வளவுதான்.

விடியற்காலையில் இதே இடத்தில் பல நாள் காற்று தலைகீழாக இருக்கும். தரை குளிர்ந்து, கரையிலிருந்து கடலுக்கு மெல்ல வீசும். அப்போது அதே பறவை உங்களைப் பார்த்து நிற்கும். இறங்கும்போதும் காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், சிறகை விரித்து உங்கள் பக்கமாகவே வரும். காற்று உங்கள் பிடரியில் படும்படி உட்காருங்கள். சூரியனும் அதே பக்கம் அமைந்தால் அது அதிர்ஷ்டம். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் காற்றைத்தான் எடுத்துக்கொள்வேன்.

இரண்டாவது ஓதம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது. இந்தப் பறவைகளுக்குக் கடிகாரம் சூரியன் இல்லை, தண்ணீர். சேறு திறந்திருக்கும்வரை தின்னும், மூடினால் மேட்டில் ஒதுங்கித் தூங்கும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். நீங்கள் வாராவாரம் ஒரே நேரத்துக்குப் போனால் ஒரு வாரம் ஏற்றத்தில் நிற்பீர்கள், அடுத்த வாரம் வற்றத்தில் நிற்பீர்கள். வற்றத்தில் பறவை அரைக் கிலோமீட்டர் தள்ளி எறும்பு மாதிரி இருக்கும். அங்கே யாரும் நடந்து போய்ச் சேர முடியாது.

செய்ய வேண்டியது இது. உச்ச ஏற்றத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்பே போய், கடைசியாக மூழ்கப்போகிற சேற்றுத் திட்டு எது என்று கண்டுபிடித்து, அதற்குக் கரைப்பக்கமாக உட்கார்ந்துவிடுங்கள். அதன்பின் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். தண்ணீர் தள்ளத் தள்ளப் பறவை தின்றுகொண்டே உங்களிடம் வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும், திட்டு சட்டென்று மூழ்கிவிடும். அஷ்டமியை ஒட்டி ஏற்றம் சிறிது, நின்று நிதானமாக எடுக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: பெரிய ஏற்ற நாளில் உங்களுக்கு முன்னால் இருக்கும் தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள். ஓடை வழியாக முதுகுக்குப் பின்னால் முதலில் நிரம்பும். திரும்பும் வழியைப் பார்த்துவைத்துவிட்டு உட்காருங்கள். தனியாகப் போகாதீர்கள்.

#6 புதுலென்ஸ்காரன்

ஐயா, நான்கு மாதமாக யாரும் இதைச் சொல்லவில்லை. நான் போவதே பறவை கடலைப் பார்க்கும் நேரத்துக்கு!

#7 சேற்றுக்கால்

ஓதக்கணக்கு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உட்காராதீர்கள், படுங்கள்.

நின்றுகொண்டு எடுத்தால் பறவைக்குப் பின்னணி, அதன் காலடியிலிருந்து ஒரு முழம் தள்ளியிருக்கும் சேறு. லென்ஸைத் தரையோடு வைத்தால் பின்னணி அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தண்ணீர். அதே லென்ஸ், அதே அப்பெர்ச்சர் (லென்ஸ் திறந்திருக்கும் அளவு)தான், ஆனால் பின்னணி வெண்ணெய் மாதிரி கரைந்துவிடும். பறவையின் கண் உயரத்தில் இருப்பதால் பார்ப்பவருக்கும் அதன் பக்கத்திலேயே இருப்பது போலத் தோன்றும். கூடவே இன்னொரு லாபம்: வானத்தை மறைத்து நிற்கிற மனித உருவம் இல்லாததால் பவளக்காலி வாயைத் திறப்பதில்லை.

ட்ரைபாட் வேண்டாம். ஓட்டை உடைசல் வாணலி ஒன்றின் அடியில் ஓட்டை போட்டு, ட்ரைபாட் தலையை மேல் பக்கம் திருகிக்கொள்ளுங்கள். சேற்றில் அது படகு மாதிரி வழுக்கிக்கொண்டு வரும், புதையாது. நான் பத்து வருடமாக அதைத்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் அந்த வாணலியை இன்னும் தேடுகிறார்கள்.

போன பருவத்தில் ஒரு நாள். விடியும் முன் படுத்துவிட்டேன். முழங்கை வழியாகக் குளிர் ஏறுகிறது, சேறு அங்கங்கே "பொளக், பொளக்" என்று குமிழி விடுகிறது. ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் கொசு உள்ளான் ஒரு ஏழெட்டு, தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே வந்தன. பத்து மீட்டர், ஆறு மீட்டர், மூன்று மீட்டர். லென்ஸ் ஃபோகஸ் ஆகிற தூரத்தையும் தாண்டி உள்ளே வந்துவிட்டன. எடுக்க முடியவில்லை, சும்மா பார்த்தேன். ஒன்று என் தொப்பி நிழலில் நின்று ஒரு காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது. விரல்களுக்கு நடுவே ஒட்டியிருந்த சேறு காய்ந்து வெளுத்திருந்ததுவரை தெரிந்தது. ஒரு கட்டைவிரல் அளவு உடம்பு, அதன் மூச்சில் மார்பு இறகு ஏறி இறங்கியது. அது போனபிறகுதான் நான் மூச்சு விட்டேன்.

#8 மூன்றாம்கண்

எல்லாம் சரி. ஆனால் இங்கே லென்ஸே முக்கியமில்லை என்கிற மாதிரி பேசுவதை ஒப்புக்கொள்ள முடியாது. நீளம் முக்கியம்தான். எல்லாக் கரையிலும் படுக்க இடம் இருக்காது. சில இடத்தில் பாதையை விட்டு இறங்கவே கூடாது.

ஆனால் புதுலென்ஸ்காரருக்கு இப்போது தேவையில்லை. க்ராப் சென்சாரில் 400 என்றால் முழு ஃப்ரேம் கேமராவில் 600 காட்டுகிற அதே பரப்புதான். 8 மீட்டரில், எஃப்/5.6 அப்பெர்ச்சரில் உங்களுக்குக் கிடைக்கிற ஃபோகஸ் ஆழம், அதாவது முன்னும் பின்னுமாகத் துல்லியமாகத் தெரிகிற தூரம், சுமார் 9 சென்டிமீட்டர். மூக்கன் உங்களைப் பார்த்து நின்றால் கண் துல்லியமாக இருக்கும்போது அலகின் நுனி மங்கிவிடும். எஃப்/8க்குப் போங்கள், அல்லது அது பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். இதில் இன்னும் நீளமான லென்ஸ் வைத்து என்ன செய்யப்போகிறீர்கள்?

கொசு உள்ளான் மங்கலாக வருவதற்குக் காரணம் இரண்டு இருக்கலாம். ஷட்டர் வேகம் என்ன வைக்கிறீர்கள்?

#9 புதுலென்ஸ்காரன்

1/320 விநாடி. ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 400க்கு மேல் போனால் புள்ளி புள்ளியாக வருமே என்று பயம்.

#10 மூன்றாம்கண்

அதுதான் முதல் காரணம். கொசு உள்ளான் நின்று பார்த்திருக்கிறீர்களா? 1/1600க்குக் குறையாமல் வையுங்கள். பறக்கும்போது 1/2500, 1/3200. ஐஎஸ்ஓ 1600, 3200 ஆகட்டும். புள்ளியைப் பிறகு குறைத்துக்கொள்ளலாம், ஆடிய படத்தை யாராலும் நிறுத்த முடியாது. கொக்கு அசையாமல் நிற்கிறதென்றால் 1/320 போதும், ஆனால் அது எப்போது குத்தும் என்று உங்களிடம் சொல்லிவிட்டுக் குத்தாது.

இரண்டாவது காரணம் கானல். வெயில் ஏறியதும் சேற்றுக்கு மேல் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைபாயும். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் பறவையின் ஓரம் தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும். ஃபோகஸ் தவறிவிட்டது என்று நினைப்போம். லென்ஸை விற்றவர்கள்கூட உண்டு. இதற்கு மருந்து எந்தக் கடையிலும் இல்லை. சீக்கிரம் போக வேண்டும், கிட்டே இருந்து எடுக்க வேண்டும். நீளமான லென்ஸ் கானலையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். காருக்குள்ளிருந்து எடுப்பவர்கள் இஞ்சினையும் ஏசியையும் அணைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச நேரம் விடுங்கள். ஜன்னல் வழியே வெளியேறுகிற காற்றே போதும் படத்தைக் கெடுக்க.

#11 வெள்ளைச்சமன்

கொக்கு என் பாடம், நான் எடுத்துக்கொள்கிறேன்.

கேமராவின் மீட்டருக்குக் கொக்கு தெரியாது. கண்ணில் படுவதெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று அது நம்புகிறது. கருத்த தண்ணீரில் சின்னதாக ஒரு வெள்ளைக் கொக்கு நின்றால், "ஐயோ, இருட்டு" என்று வெளிச்சத்தைக் கூட்டும். தண்ணீர் சாம்பலாகும், கொக்கு சுண்ணாம்பாகும். அதே கொக்கு ஃப்ரேம் முழுவதும் நிறைந்தால், "ஐயோ, கூசுகிறது" என்று குறைக்கும். கொக்கு துவைக்காத துணியாகும். ஒரே காலையில் உங்களுக்கு இரண்டும் வந்த கதை இதுதான். முதல் வகைக்கு எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் (மீட்டர் சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் குறைக்க வேண்டும். ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும். இரண்டாவது வகைக்குக் கூட்ட வேண்டும்.

அதையும் ஒவ்வொரு முறை திருகிக்கொண்டிருந்தால் கொக்கு போய்விடும். வானம் சீராக இருக்கிற காலையில் முழு மேனுவலுக்குப் போய்விடுங்கள். வெயில் படுகிற ஒரு வெள்ளைக் கொக்கை எடுத்துப் பாருங்கள். மிகை வெளிச்சம் இருக்கும் இடம் திரையில் மினுங்குமே, அது கழுத்திலும் தோளிலும் மினுங்காத அளவுக்கு ஷட்டர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து நிறுத்துங்கள். அவ்வளவுதான். அதன்பின் கொக்கு கரிய புதருக்கு முன்னால் பறந்தாலும், வெள்ளை நுரைக்கு முன்னால் பறந்தாலும் அதன் மேல் விழும் வெளிச்சம் ஒன்றுதான், கணக்கும் ஒன்றுதான்.

#12 மடையான்71

மேகம் வந்து வந்து போகிற நாளில் முழு மேனுவல் வைத்துக்கொண்டு அழுதவன் நான். அன்றைக்கு ஆட்டோ ஐஎஸ்ஓதான் சோறு போடும்.

#13 வெள்ளைச்சமன்

ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் "வானம் சீராக" என்று எழுதினேன், படிக்காமலே பதில் போட்டால் எப்படி சார்.

#14 மடையான்71

படித்தேன் ஐயா. சண்டைக்கு ஆள் வேண்டுமே.

சரி, உருப்படியாக ஒன்று சொல்கிறேன். எல்லாரும் கேமராவைப் பற்றியே பேசுகிறீர்கள். பறவை எப்படித் தின்கிறது என்று பாருங்கள், ஷட்டரை எப்போது அழுத்துவது என்று அது சொல்லிக்கொடுக்கும்.

உப்புக்கொத்தி கண்ணால் வேட்டையாடுகிறது. ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், குத்தும். அந்த நிற்கிற நொடிதான் உங்களுடையது. தலை நிமிர்ந்திருக்கும், அந்தப் பெரிய கண்ணில் வெளிச்சப் புள்ளி விழுந்திருக்கும். உள்ளான் அப்படி இல்லை. பல உள்ளான்கள் அலகைச் சேற்றுக்குள் விட்டுத் தொட்டுணர்ந்தே தேடுகின்றன, தலை எப்போதும் கீழேயே இருக்கும். புழு நீளமாக இருந்தால் இழுத்து விழுங்கத் தலையைத் தூக்கும், அப்போது எடுங்கள். இந்த வகைப் பறவைகளால் அலகு முழுவதையும் திறக்காமல், மேல் அலகின் நுனியை மட்டும் வளைத்துத் திறக்க முடியும். சேற்றுக்குள் புதைத்த நிலையிலேயே இரையைப் பிடிப்பது அப்படித்தான். சோம்பல் முறிக்கும்போது சில சமயம் அந்த நுனி மட்டும் மேலே வளைவதைப் பார்க்கலாம். எனக்கு ஒரே ஒரு படம் கிடைத்தது. எல்லாரும் "அலகு உடைந்திருக்கிறது, பாவம்" என்றார்கள்.

கோணமூக்கு உள்ளான் அரிவாள் வீசுகிற மாதிரி பக்கவாட்டில் வீசும், வீச்சின் இரண்டு முனையிலும் ஒரு கணம் நிதானிக்கும். கோட்டான் (ஆந்தை இல்லை, நீண்டு வளைந்த அலகுள்ள கரைப்பறவை) நண்டைப் பிடித்தால் காலை உதறி உதறிக் கழற்றிவிட்டுத்தான் விழுங்கும், அதற்குள் முப்பது படம் எடுத்துவிடலாம்.

நாரை விஷயத்தில் மட்டும் வேகத்தை நம்பாதீர்கள். அமெரிக்காவின் வுட் ஸ்டார்க் நாரை, அலகில் மீன் பட்டதும் மூடுகிற நேரம் 25 மில்லி விநாடி, அதாவது 1/40 விநாடி. உங்கள் கேமரா விநாடிக்கு 20 படம் எடுத்தாலும் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 50 மில்லி விநாடி. அந்த இடைவெளிக்குள் அது மூடி முடித்துவிடும். ப்ரீ கேப்சர் வசதி (ஷட்டரை முழுதாக அழுத்துவதற்குச் சற்று முந்தைய படங்களையும் சேமிப்பது) இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் என்னைப் போல ஆயிரம் படம் எடுத்து அழியுங்கள்.

#15 சிறகடி

பறக்கும் படத்துக்கு இவ்வளவு யோசிக்க வேண்டாம். மேட்டில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும்போது ஒரு கைதட்டு. ஆயிரம் பறவை ஒரே நேரத்தில் எழும். இரண்டு சுற்று சுற்றிவிட்டு அதே இடத்தில் உட்காரும். யாருக்கும் நஷ்டமில்லை.

#16 சேற்றுக்கால்

இதை இங்கே எழுதியதற்கு வெட்கப்பட வேண்டும்.

#17 சிறகடி

நாய் ஓடினால் எழுகிறது, வல்லூறு வந்தால் எழுகிறது, படகு போனால் எழுகிறது. நான் தட்டினால் மட்டும் பாவமா?

#18 கரைவாசி

திட்டுவதற்கு முன் கணக்கைப் பார்ப்போமே.

ஏற்றத்தில் மேட்டில் கூடுகிற கூட்டம் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கவில்லை. சேறு மூடியிருப்பதால் தின்ன வழியில்லை. தின்றதைச் செரிக்கவும் தூங்கவும் அதற்குக் கிடைக்கிற நேரம் அந்த இரண்டு மூன்று மணிதான். நீங்கள் கைதட்டினால் அது செலவழிப்பது வலசைக்குச் சேர்த்துவைக்கிற கொழுப்பை.

அந்தக் கொழுப்பு என்ன செய்யும் தெரியுமா? 2022 அக்டோபரில் அலாஸ்காவிலிருந்து கிளம்பிய இளம் பட்டைவால் மூக்கன் ஒன்று 13,560 கிலோமீட்டரை 11 நாளில் கடந்து டாஸ்மேனியாவில் இறங்கியது. நடுவில் எங்கும் இறங்கவில்லை. கடலில் உட்கார்ந்து இளைப்பாறுகிற பறவையும் இல்லை அது. முதுகில் கட்டிய சிறு டிரான்ஸ்மிட்டர் வழியாகத் தெரிந்த கணக்கு இது. கிளம்பும் முன் அந்தப் பறவைகளின் எடையில் பாதிக்குமேல் கொழுப்புதான். பாரம் குறைய வேண்டும் என்று குடல், இரைப்பை எல்லாம் சுருங்கிப்போகும். இப்படிக் கிராம் கணக்குப் பார்க்கிற உயிரிடம் போய், ஒரு கைதட்டுக்கு நஷ்டமில்லை என்று எப்படிச் சொல்வது?

வல்லூறு வந்தால் எழுகிறது, உண்மை. நாய்க்கும் எழுகிறது. ஏற்கெனவே இத்தனை பேர் எழுப்புகிறார்கள் என்பது இன்னொருவரும் சேர்ந்துகொள்ளக் காரணமா?

#19 சிறகடி

அக்கா, நீங்கள் சொல்வது கிளம்பும் பருவத்தில் பொருந்தும். மற்ற மாதங்களில்? எனக்கு இன்னும் முழுதாக ஒப்பவில்லை. ஆனால் அந்த 11 நாள் கணக்கு எனக்குத் தெரியாது. தட்டுவதை நிறுத்திவைக்கிறேன். அப்படியென்றால் பறக்கும் கூட்டத்தை எப்படித்தான் எடுப்பது?

#20 ஓதக்கணக்கு

மற்ற மாதங்களிலும் குளிர், பசி எல்லாம் உண்டு. இருக்கட்டும், கேள்வி நல்ல கேள்வி.

ஏற்றம் ஏறும்போது திட்டு ஒவ்வொன்றாக மூழ்கும். மூழ்கும் திட்டிலிருந்து அடுத்த திட்டுக்குப் பறவை தானாகவே எழும், பத்து இருபதாக. முன்னதாகவே தெரியும்: ஓரத்தில் நிற்பவை தின்பதை நிறுத்தும், கழுத்தை நீட்டும், ஒன்றிரண்டு சிறகை விரித்து மடக்கும். அடுத்த அரை நிமிடத்தில் எழும். எந்தத் திட்டுக்குப் போகும் என்பது ஒரு நாள் பார்த்தால் தெரிந்துவிடும், மறுநாள் அந்த வழியில் படுத்திருங்கள். கைதட்டி எழுப்பிய கூட்டம் உங்களைவிட்டு விலகிப் பறக்கும். அதுவும் முதுகுதான். தானாக எழுகிற கூட்டம் உங்களைத் தாண்டிப் பறக்கும்.

#21 சிறகடி

ம். முதுகு விஷயம் உறைக்கிறது.

#22 நீர்க்கோழி

புதிதாகச் சேர்ந்தவள். ஆள்காட்டியின் கூட்டைப் பார்த்தேன், தரையில் நான்கு முட்டை. பக்கத்தில் படுத்து எடுக்கலாமா?

#23 கரைவாசி

வேண்டாம் அம்மா. அந்தப் பறவைக்கு ஆள்காட்டி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? நீங்கள் அங்கே இருக்கும்வரை அது கத்திக்கொண்டே சுற்றும், முட்டை வெயிலில் வேகும், அந்தச் சத்தத்தைக் கேட்டுக் காகம் வரும். உப்புக்கொத்தி என்றால் சிறகு ஒடிந்தது போல நடித்துத் தரையில் இழுத்துக்கொண்டு போகும். அதைப் படம் எடுத்துப் பெருமையாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது உங்களைப் பகையாளி என்று நினைத்து நடத்துகிற நாடகம். வந்த வழியே திரும்பிவிடுங்கள், இடத்தையும் யாரிடமும் சொல்ல வேண்டாம். குஞ்சு பொரித்து வெளியே நடக்கும்போது தூரத்திலிருந்து எடுக்கலாம்.

#24 நீர்க்கோழி

சரி அக்கா. திரும்பிவிட்டேன். மறைவிடம் கட்டி எடுத்தால்?

#25 மடையான்71

கூட்டுக்கு அதுவும் வேண்டாம். மற்றபடி மறைவிடம் நல்ல யோசனைதான், பழைய யோசனையும்கூட. இங்கிலாந்தில் ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் என்று அண்ணன் தம்பி இருவர், நூறு ஆண்டுக்கு மேலாகிறது, மாட்டுத் தோலைச் சட்டத்தின் மேல் போர்த்திப் பொய் மாடு ஒன்று செய்து, அதன் வயிற்றுக்குள் கேமராவோடு நின்று பறவையை எடுத்தார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். பழைய காட்டன் துணி, இலை நிறத்தில் அல்ல, சேற்று நிறத்தில். தலையும் கையும் மறைந்தால் போதும், பறவை அஞ்சுவது அந்த இரண்டின் அசைவைத்தான்.

#26 சேற்றுக்கால்

இன்னொரு சின்ன விஷயம், பிறகு மறந்துவிடுவேன். வீட்டுக்கு வந்ததும் ட்ரைபாட் கால்களைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசுங்கள். உப்பும் மணலும் திருகுக்குள் போனால் அடுத்த வாரம் கால் திறக்காது. லென்ஸை ஈரத்துணியால் மட்டும் துடையுங்கள், காய்ந்த உப்பைத் தேய்த்தால் கண்ணாடியில் கீறல் விழும். பையில் வாணலி இருப்பவர்களுக்கு இந்தக் கவலை பாதி குறைவு.

#27 புதுலென்ஸ்காரன்

(பதினோரு நாள் கழித்து)

வந்துவிட்டேன்! அஷ்டமிக்கு மறுநாள், விடியும் முன் போனேன், மைத்துனரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு. காற்று பிடரியில். படுத்தேன். முதல் ஒரு மணி நேரம் பறவை ஒன்றும் வரவில்லை, எறும்புதான் வந்தது. மைத்துனர் தூங்கிவிட்டார். பவளக்காலி வந்தது, பார்த்தது, கத்தவில்லை. அது கத்தாததை நான் வாழ்க்கையில் முதல்முறை கேட்டேன்.

அப்புறம் மூக்கன் ஒன்பது. தண்ணீர் தள்ள, அவை வர, எல்லாம் முகம்! 1/1600, எஃப்/8, ஐஎஸ்ஓ 2000. முந்நூறு படம். இதோ நான்கைந்து இணைத்திருக்கிறேன். கொக்குப் படமும் ஒன்று இருக்கிறது, கழுத்து இறகு ஒவ்வொன்றாகத் தெரிகிறது.

#28 வெள்ளைச்சமன்

கொக்கு அருமை. தோளில் இன்னும் கால் ஸ்டாப் குறைத்திருக்கலாம், ஆனால் குறை சொல்வதற்காகச் சொல்கிறேன்.

#29 கரைவாசி

மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். இடமிருந்து நான்காவது மூக்கன். பட்டைவால் மூக்கன் அது. வலது காலில், முட்டிக்கு மேலே, ஏதோ நிறம் தெரிகிறதே?

#30 புதுலென்ஸ்காரன்

சேறு என்று நினைத்தேன்.

#31 கரைவாசி

சேறு இல்லை தம்பி, கொடி. ஆய்வாளர்கள் பிடித்து, எடை பார்த்து, காலில் பிளாஸ்டிக் கொடி மாட்டி விடுவார்கள். நிறத்தை வைத்து எங்கே மாட்டியது என்றும், அதில் பொறித்த எழுத்தை வைத்து எந்தப் பறவை என்றும் சொல்லிவிடலாம். பறவையை மறுபடி பிடிக்காமல், யாராவது படம் எடுத்தாலே அதன் வரலாற்றில் ஒரு வரி சேரும்.

1995ல் தென் அமெரிக்காவின் தென்கோடியில், டியெரா டெல் ஃபுவேகோவில் ஒரு ரெட் நாட் பறவைக்கு வளையம் மாட்டினார்கள். பிறகு அதற்குக் கிடைத்த ஆரஞ்சுக் கொடியில் எழுத்து பி95. அந்த எழுத்தைப் படித்துப் படித்துத்தான், 2014லும் அது உயிரோடு இருக்கிறது, ஆண்டுதோறும் ஆர்க்டிக் பக்கம் போய்த் திரும்புகிறது என்று தெரிந்தது. பறந்த தூரத்தைக் கூட்டினால் நிலாவைத் தாண்டும் என்று அதற்கு நிலாப் பறவை என்றே பெயர் வந்துவிட்டது.

உங்கள் படத்தில் எழுத்து பாதி சேற்றில் மறைந்திருக்கிறது. முதல் எழுத்து ஏ, அடுத்தது தெரியவில்லை. முந்நூறில் வேறு எதிலாவது அந்தக் கால் தெரிகிறதா?

#32 புதுலென்ஸ்காரன்

எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒன்றில் தண்ணீருக்குள் இருக்கிறது, இன்னொன்றில் வேறொரு மூக்கன் மறைக்கிறது. மீதியில் எல்லாம் முகம், முகம், முகம். கால் இல்லை.

#33 ஓதக்கணக்கு

இந்தப் பறவைகள் பருவம் முழுவதும் ஒரே சேற்றைச் சுற்றி இருப்பது வழக்கம். முன்பு எடுத்ததில் பாருங்கள். எழும்புகிற முதல் இரண்டு மூன்று சிறகடிப்பில் கால் தொங்கும், கொடி நன்றாகத் தெரியும். அதுவும் பின்னாலிருந்து எடுத்தால்.

#34 மடையான்71

பழையதையெல்லாம் அழித்துவிட்டீர்களா?

#35 புதுலென்ஸ்காரன்

இல்லை சார். ஃபோல்டருக்கு "முதுகு" என்று பெயர் வைத்து அப்படியே வைத்திருக்கிறேன். இப்போதுதான் திறந்தேன். இரண்டு மாதத்துக்கு முன் எடுத்தது, நான் நடந்துபோய்க் கிளப்பிவிட்ட கூட்டம். ஆறு மூக்கன், ஆறு முதுகு. நடுவில் ஒன்றுக்குக் கால் தொங்குகிறது.

ஏ, 7, கே.